வாசலில் நின்ற காடிலாக்

ஆர்டெல்லா பெட்வேக்குக் கார் ஓட்டத் தெரியாது. காடிலாக் கார்களுக்கு இருக்கை தைத்துத் தைத்தே விரல் கணுக்கள் முண்டு முண்டாகப் புடைத்துப்போனவள் அவள். ஆனால் அதே காரின் முன்னிருக்கையில் உட்கார வைத்தால் எதைத் திருகுவது, எதை மிதிப்பது என்று தெரியாமல் விழிப்பாள். டெட்ராய்ட்டில் இப்படியும் ஒருத்தியா என்று வியப்பவர்களுக்கு அவள் வைத்திருந்த பதில் ஒன்றுதான்.

"நான் எதுக்கு ஓட்டணும்? என் தம்பி ஓட்டுவான், நான் பின்னாடி உக்காருவேன். அதுக்குத்தானே அவனை வளத்தேன்."

அந்தத் தம்பிதான் கில்கால் பாப்டிஸ்ட் சபையின் பாஸ்டர், ரெவரெண்ட் எஸ்ரா பெட்வே. அவனைப் பற்றி வெளியாரிடம் பேசும்போது ஆர்டெல்லா ஒருநாளும் வெறும் எஸ்ரா என்று சொன்னதில்லை. ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்கும்போதுகூட முழுப் பெயரும் பட்டமும் வரும்.

அவள் வேலை பார்த்தது ஃபோர்ட் தெருவிலிருந்த ஃப்ளீட்வுட் ஆலையில். காரின் உடல் முழுவதும் அங்கேதான் உருவாகும். கூரை, கதவு, இருக்கை, உள்துணி எல்லாம் முடிந்தபின் லாரியில் ஏற்றிக் கிளார்க் தெரு ஆலைக்கு அனுப்புவார்கள். அங்கே எஞ்சினும் சக்கரமும் சேரும். கிளார்க் தெருக்காரர்கள், "எங்ககிட்ட வந்தாத்தான் அது காரு" என்று பெருமையடிப்பார்கள். "காருன்னா சரி. காடிலாக் ஆகறது எங்ககிட்டதான்" என்பாள் ஆர்டெல்லா. தலையணை போல உப்பி, நடுநடுவே பொத்தான் அமுங்கிய வெல்வெட் இருக்கைகள் அவள் வரிசையில் தைக்கப்பட்டவை. ஒரு தையல் தாவினாலும் அந்த மடிப்பு முழுவதையும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள்.

ஃபோர்மேனுக்கு இது ஆகாது. "டெல்லா, மேல உக்காரப்போற பெரிய மனுஷன் தையலை எண்ணிக்கிட்டா வருவான்?"

"எண்ண மாட்டாரு. ஆனா அவரு முதுகுக்குத் தெரியும்."

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, தாய் இறந்து, தகப்பன் எங்கேயோ போய்விட்ட வீட்டைப் பூட்டிவிட்டு, பத்து வயது எஸ்ராவைக் கையில் பிடித்துக்கொண்டு அலபாமாவிலிருந்து ரயிலேறி வந்தவள் அவள். ஆறாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றிருந்தது. ஹேஸ்டிங்ஸ் தெருவில் ஒரு மாடி அறை. முதல் ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கியபோது, முடிதிருத்தும் கடை முன்னால் கறுப்புக் காடிலாக் ஒன்று நின்றது. அதிலிருந்து இறங்கியவர் தன்னைப் போலவே கறுப்பர் என்பதைப் பார்த்து ஆர்டெல்லா நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். ஊரில் கறுப்பன் நல்ல செருப்புப் போட்டாலே வம்புதான். இங்கே ஒருவர் சாவியைச் சுழற்றிக்கொண்டு விசிலடித்தபடி போகிறார்.

சபைக் காரியங்களைக் கவனிக்கும் மூத்த டீக்கன் ஹார்வெல் அந்தக் காரைப் பற்றி அவளுக்குப் பிற்பாடு நிறையச் சொல்லியிருக்கிறார். இந்த ஊரை நிறுவிய பிரெஞ்சுக்காரன் பெயர்தான் காருக்கு. கைப்பிடியைச் சுழற்றி மணிக்கட்டை முறித்துக்கொள்ளாமல், பொத்தானை அமுக்கிக் கிளப்பும் வசதி முதலில் வந்ததும் அதில்தான். உலகத்துக்கே அளவுகோல் என்று விளம்பரத்தில் போட்டுக்கொண்டார்கள். பொய்யுமில்லை. எதையாவது உசத்தி என்று சொல்ல வேண்டுமானால், அடுப்பானாலும் தையல் மெஷினானாலும், 'இதுதான் காடிலாக்' என்று சொல்லும் வழக்கம் நாடு முழுக்க வந்துவிட்டது. ஆனால் முப்பதுகளின் தொடக்கம்வரை பல கடைகளில் கறுப்பர்களுக்கு அதை விற்கமாட்டார்கள்.

"குத்துச்சண்டைக்காரரு, பாட்டுக்காரரு, கையில பணம் இருக்கும். ஆனா கடைக்குள்ள விடமாட்டான்" என்பார் ஹார்வெல். "வெள்ளைக்காரன் ஒருத்தனுக்குக் கூலி குடுத்து, அவன் பேர்ல வாங்கணும். அப்புறம் பஞ்சம் வந்துச்சு. வெள்ளைக்காரனே வாங்கல. கம்பெனியை மூடிடலாமான்னு யோசிக்கிற நெலமை. அப்பத்தான் ஒருத்தன் பாத்தானாம், ரிப்பேருக்கு வர்ற காருல பாதி நம்ம ஆளுங்க காரு. உடனே கதவைத் திறந்துட்டான். கம்பெனி பொழச்சிது. அதைக் காப்பாத்தினது நாமதான் சிஸ்டர்."

"அதுக்கு நன்றி சொல்லித்தான் எனக்குக் கக்கூஸ் கழுவுற வேலை குடுத்தாங்களா?" என்பாள் ஆர்டெல்லா. ஆலையில் அவள் சேர்ந்தது அந்த வேலைக்குத்தான். தையல் மெஷின் முன்னால் உட்கார அவளுக்குப் பல வருடம் பிடித்தது. அந்தச் சம்பளத்தில்தான் எஸ்ரா நாஷ்வில் போய் வேதக் கல்லூரியில் படித்தான்.

கில்கால் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அந்தப் பக்கத்துச் சபைகள் பலவற்றிலும் உண்டு. சில வருடங்களுக்கு ஒருமுறை, பாஸ்டர் பொறுப்பேற்ற நாளைக் கொண்டாடும் ஞாயிறன்று சபையார் அவருக்குப் புதிய காடிலாக் கொடுப்பார்கள். வேறு கார் ஆகாது. ஆராதனை முடிந்ததும் எல்லோரும் வாசலுக்கு வருவார்கள். பாஸ்டர் வீட்டில் மூத்தவர் யாரோ அவர் சாவியை நீட்டுவார். பாஸ்டர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிப்பார். சபைத் தாய்மார்கள் என்று அழைக்கப்படும், வெள்ளை உடுத்திய மூத்த பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அந்தக் கார் பெயருக்குத்தான் பாஸ்டருடையது. மணப்பெண் அதில்தான் வருவாள். பிரசவ வலி எடுத்தவளை அதில்தான் கூட்டிப்போவார்கள். ஜாக்சன் சிறையிலிருந்து விடுதலையாகும் பிள்ளையை அதில்தான் வீட்டுக்கு அழைத்துவருவார்கள்.

யாரும் எழுதிவைக்காத இன்னொரு விதியும் உண்டு. சாவியை வாங்கினவர் அடுத்த சாவிவரை பிரசங்க மேடையை விட்டு இறங்கக் கூடாது. புதுக் காரை வாங்கிக்கொண்டு போனான் என்ற பேச்சை எந்தப் பாஸ்டரும் கேட்க விரும்பமாட்டார். எஸ்ராவுக்கு முன்னால் இருந்த ரெவரெண்ட் டன்ஸ்டல் மார்வலியோடுதான் சாவி வாங்கினார். அந்தக் கோடைக்காலம் முடிவதற்குள், மேடையில் தண்ணீர் டம்ளரை எடுக்கக் கை நீட்டியவர் அப்படியே சரிந்தார். அவருக்கு விசிறிவிட்டது ஆர்டெல்லாதான்.

எண்பத்தொன்றாம் வருடக் குளிர்காலத்தில், ரெவரெண்ட் எஸ்ரா பெட்வே நடக்க ஆரம்பித்தான்.

முதலில் பார்த்தது டீக்கன் ஹார்வெல். மிச்சிகன் அவென்யூவில் உப்பும் சேறுமாய்க் கிடந்த பனியில், கால்சட்டை விளிம்பு நனைய, வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாஸ்டர் பஸ்ஸுக்கு நிற்கிறார். சபையின் பழைய காடிலாக் சபைக் கட்டடத்தின் பின்னால் பனி மூடிக் கிடந்தது. அடுத்த வாரமும் அப்படியே. ஹார்வெல் நேரே ஆர்டெல்லாவிடம் வந்தார்.

"சிஸ்டர் பெட்வே, நம்ம பாஸ்டரு பஸ்ல போறாரு."

"யாரு சொன்னது?"

"நான் பாத்தேன். அது போகட்டும், பக்கத்துத் தெரு தாபோர் சபைக்காரங்க பாத்துட்டாங்க. அவங்க டீக்கன் என்கிட்ட வந்து, 'உங்க ரெவரெண்டுக்கு லிஃப்ட் வேணும்னா சொல்லுங்க, எங்க காருல எடமிருக்கு'ன்னு பல்லைக் காட்டறான். எனக்கு ராத்திரி சோறு எறங்கல."

ஆர்டெல்லாவுக்கும் அன்று சோறு இறங்கவில்லை. காருக்கு வயதாகிவிட்டது, வழியில் மக்கர் செய்கிறது, சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு நடக்கிறான் என்று அவளே முடிவு கட்டினாள். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சபைக்கும் சொன்னாள். ஊரில் ஆலை ஆலையாக லே-ஆஃப் நடந்துகொண்டிருந்த சமயம் அது. ஆனாலும் ஒருவர்கூட இப்போது வேண்டாம் என்று சொல்லவில்லை. கார்க் குழுவுக்கு ஆர்டெல்லாவையே தலைவியாகப் போட்டார்கள்.

சனிக்கிழமை தோறும் சபையின் அடித்தளத்தில் மீன் வறுத்தார்கள். கோழி பொரித்தார்கள். கீரையும் சோள ரொட்டியும் பொட்டலம் கட்டி விற்றார்கள். ஆர்டெல்லா வாரமெல்லாம் மெஷினில் குனிந்துவிட்டு வந்து அங்கே எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றாள். அவள் பக்கத்தில் மாவு பிசைந்தவள் லவோனியா மோஸ்லி. ஆலையில் பக்கத்து மெஷின்காரி. அதற்கு முந்தைய இலையுதிர்காலத்திலேயே லவோனியாவுக்கு வேலை போயிருந்தது. அவள் கணவன் மோஸ்லி கிளார்க் தெருவில் சக்கரம் மாட்டுகிறவன். அவனுக்கும் போயிற்று. ஆனால் வாய் மட்டும் லவோனியாவுக்கு லே-ஆஃப் ஆகவில்லை.

"டெல்லா, இந்த மீன் வாசனை என் முடியை விட்டுப் போகவே மாட்டேங்குது. மோஸ்லி நேத்து என்னை மோந்து பாத்துட்டு, ஊறுகாய் கொண்டான்னு கேக்கறான்."

"குடுக்க வேண்டியதுதானே?"

"குடுத்தேன். தலையில ஊத்தினேன்."

பழைய காரை மாற்றுக்குக் கொடுத்து, சேர்ந்ததையும் போட்டு, ஆலையின் பெயரையே வைத்த பெரிய ஃப்ளீட்வுட் காடிலாக் ஒன்றை வாங்கியாயிற்று. கருஞ்சிவப்பு நிறம். உள்ளே அதே நிறத்தில் வெல்வெட். மார்ச் மாதக் கொண்டாட்டத்துக்கு முந்தைய வியாழக்கிழமை மாலை, ஆர்டெல்லா கீரையும் அவித்த பன்றி இறைச்சித் துண்டும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். இரண்டடுக்கு வீட்டில் கீழே அவள், மேலே எஸ்ரா. அவன் மனைவி கிளாரிஸ் இறந்தபின் இரண்டு வேளை சாப்பாடு கீழிருந்துதான் போகும்.

எஸ்ரா கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வயது ஐம்பதுதான். உட்கார்ந்திருந்த விதம் அவளைவிட மூத்தவனைப் போல இருந்தது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை அந்தச் சாவியை என்கிட்ட குடுக்காத."

"ஏன், நிறம் பிடிக்கலையா?"

"நான் பஸ்ல ஏன் போனேன்னு நெனைக்கிற?"

"வண்டி மக்கர். சபைக்கே தெரியுமே."

"வண்டிக்கு ஒரு கேடும் இல்ல. கிளப்பினா பூனை மாதிரி முனகும்." அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "நவம்பர்ல, தேங்ஸ்கிவிங் பண்டிகைக்கு முன்னாடி லவோனியா வீட்டுக்கு ஜெபம் பண்ணப் போனேன். பட்டாணி சூப்பு வெச்சிருந்தாங்க. எனக்கு முதல்ல ஊத்தி, அப்புறம் தண்ணி கலந்து அவங்க ஊத்திக்கிட்டாங்க. நான் பாக்கலைன்னு நெனச்சு. வெளிய வந்தா, அவங்க வாசலையே அடைச்சுக்கிட்டு அவ்வளவு நீளத்துக்கு நிக்குது என் காரு. மோஸ்லி கையால சக்கரம் மாட்டின காரு. நீயும் லவோனியாவும் தைச்ச சீட்டு. மோஸ்லி வந்து எனக்குக் கதவைத் திறந்து விடறான் அக்கா. எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. அன்னையிலேர்ந்து காரை எடுக்கல."

ஆர்டெல்லா கையிலிருந்த தட்டை மெதுவாக மேசைமேல் வைத்தாள். ஒரு குளிர்காலம் முழுவதும் வறுத்த மீன் அத்தனையும் அவள் கண்முன்னால் வந்து நின்றது.

"இதை அப்பவே சொல்றதுக்கு என்ன? ஞாயித்துக்கிழமையானா மத்தியானம் தாண்டியும் பேசற வாய்தானே அது?"

"சொல்ல வந்தேன். சபையில கீழ எறங்கினா எல்லாரும் மாவும் கையுமா பாட்டுப் பாடிக்கிட்டு நிக்கறீங்க. வேலை போனதுலேர்ந்து அவங்க முகத்துல நான் சிரிப்பு பாத்தது அங்கதான். எப்படிச் சொல்லுவேன்?"

அவன் தொடர்ந்தான். குரலில் மேடையின் முழக்கம் எதுவும் இல்லை.

"காரு மட்டும் இல்லக்கா. நான் தீந்துட்டேன். போன வாரம் அடக்கத்துல செத்தவரு பேரையே மாத்திச் சொன்னேன். ஒருத்தர்கூடக் கவனிக்கல. அவங்களும் அவ்வளவு அசந்து கெடக்காங்க. இந்தச் சாவியை வாங்கினா இன்னும் அஞ்சாறு வருஷம். என்னால முடியாது. டன்ஸ்டலை நெனச்சுப் பாரு."

"எறங்கி என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன். கடைசி பெஞ்சுல உக்காந்து வேற யாராவது பேசறதைக் கேப்பேன். அவங்க முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியமில்ல. சாவியை நீட்டினா வாங்கிடுவேன். அதனாலதான் உன்கிட்ட சொல்றேன்."

ஆர்டெல்லா படியிறங்கித் தன் வீட்டுக்கு வந்தாள். அவன் இறங்கிவிட்டால் அவள் யார்? கழுத்து வலிக்க மெஷினில் குனிந்திருக்கும் ஒரு கிழவி. சபையில் முதல் வரிசையில், பெரிய ஊதா நிறத் தொப்பியோடு, 'ரெவரெண்டின் அக்கா' என்று எல்லோரும் வழிவிடும் அந்த இடம் ஒன்றுதான் அவள் இத்தனை வருடத்தில் தனக்கென்று சேர்த்தது. சாவியைக் கொடுத்தால் இடம் நிற்கும். தம்பி நிற்பானா என்பதுதான் தெரியவில்லை. கொடுக்காவிட்டால், வேலையிழந்தவர்கள் வியர்வை சிந்தி வாங்கியதைப் பெட்வே வீட்டார் தூக்கி எறிந்தார்கள் என்ற பேச்சு அவள் தலையில் விழும். அவள்தானே எழுந்து நின்று கார் வேண்டும் என்று கேட்டவள்.

சனிக்கிழமை டீக்கன் ஹார்வெல் தன் கராஜில் வைத்திருந்த காரைக் காட்டக் கூட்டிப்போனார். நெற்றிக்கு மேல் ஏற்றிய கண்ணாடியோடு, பழைய ஃபிளானல் துணியால் ஏற்கெனவே பளபளத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"தாபோர் டீக்கனுக்கு ஞாயித்துக்கிழமை வயித்துப் போக்கு கண்டுரும் சிஸ்டர்."

ஆர்டெல்லா பின்கதவைத் திறந்து, இருக்கைமேல் உள்ளங்கையை வைத்துத் தையலோடு நடத்திப் போனாள். அவள் வரிசையில் தைத்ததுதான். அவளே தைத்ததா, லவோனியா வேலை போவதற்கு முன் தைத்ததா என்று சொல்ல முடியவில்லை. எங்கேயும் ஒரு தையல் தாவவில்லை. அது தாவியிருந்தால் பிரித்துச் சரிசெய்வது எப்படி என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"ஏன் சிஸ்டர், ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல டீக்கன். கால் வலி."

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. உருகிய பனி சாக்கடையோரம் ஓடிக்கொண்டிருந்தது. சபை முன்னால் வெள்ளை ரிப்பன் கட்டிக் கார் நின்றது. அதைப் பார்க்கத் தெருவின் எதிர்ச்சாரியிலும் ஆட்கள் கூடியிருந்தார்கள். வேலை இல்லாதவர்கள் எல்லோரும் இருந்ததில் நல்ல உடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். மோஸ்லி ஒரு ஓரமாக நின்று முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹார்வெல் சாவியை ஒரு சின்ன வெல்வெட் தலையணைமேல் வைத்து ஆர்டெல்லாவிடம் கொடுத்தார். அவள் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். எஸ்ரா படியில் நின்றான். அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது. கூட்டம் கை தட்டியது. அவன் அக்காவைப் பார்த்தான், பிறகு கூட்டத்தைப் பார்த்தான். பிறகு, சொன்னபடியே, அவன் கை மெல்ல நீண்டது.

ஆர்டெல்லா விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"சிஸ்டர், சாவி" என்று முணுமுணுத்தார் ஹார்வெல்.

"தெரியும் டீக்கன். கொஞ்சம் பொறுங்க."

கைத்தட்டல் பிசிறி நின்றது. அவளுக்குப் பேசிப் பழக்கமில்லை. மேடைப் பேச்சு தம்பியின் பங்கு. ஆனாலும் பேசினாள்.

"உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். பாஸ்டரு பஸ்ல போனது வண்டி கெட்டுப்போய் இல்ல. வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. தப்பாச் சொன்னவ நான். வேலை போன உங்க வீட்டு வாசல்ல இவ்வளவு பெரிய காரைக் கொண்டாந்து நிறுத்த அவனுக்கு வெக்கமா இருந்துச்சு. அதான் நடந்தான். இப்ப இன்னும் பெரிசா ஒண்ணை வாங்கி நிறுத்தியிருக்கோம்."

கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் வெடித்தது. லவோனியா.

"வெக்கமா? அவருக்கென்ன வெக்கம்?" அவள் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "என் வாசல்ல அந்தக் காரு நின்ன அன்னிக்கு என் தெருவே எட்டிப் பாத்துச்சு. எதிர்வீட்டுக்காரி, தாபோர் சபைக்காரி, வேலை போனதுலேர்ந்து என்னைக் கண்டா மொகத்தைத் திருப்பிக்கிறவ, அன்னிக்குத் திரை விலக்கிப் பாத்தா. மோஸ்லி ஏன் கதவைத் திறந்துவிட்டான்னு நெனைக்கிறீங்க ரெவரெண்ட்? பணிஞ்சா? இல்ல. அந்த வண்டியை அவன் தொட்டதை எல்லாரும் பாக்கணும்னுதான். அதுக்கப்புறம் நீங்க காரைக் காணோம். சேத்துல நடந்து வந்தீங்க. என்ன நெனச்சோம் தெரியுமா? நம்ம வீட்டு முன்னாடி நிறுத்தினா காருக்குக் கௌரவக் குறைச்சல் போலன்னு."

எஸ்ரா ஒரு படி கீழே இறங்கினான்.

"நாங்க மீன் வறுத்தது உங்களுக்காகன்னா நெனச்சீங்க?" என்றாள் லவோனியா. "எங்க வாசலுக்கு!"

கூட்டத்தில் யாரோ, "ஆமா" என்றார்கள். இன்னும் சிலர், "ஆமா, ஆமா" என்றார்கள். பிரசங்கத்தின்போது வருவதைவிட அழுத்தமாக வந்தது அந்த ஆமா. எஸ்ரா படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான். தானும் தம்பியும் இரண்டு விதமாகத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தது ஆர்டெல்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் அதனால் தம்பியின் முகத்தில் இருந்த சாம்பல் போய்விடவில்லை. சாவியைக் கொடுப்பதற்கு இப்போது இன்னும் நல்ல காரணம் கிடைத்துவிட்டது. அதுதான் ஆபத்து. அவன் கை மறுபடி நீளுவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அப்ப காரு உங்க வாசலுக்குத்தானே? சரி." அவள் திரும்பிச் சாவியை ஹார்வெல் கையில் வைத்து, அவர் விரல்களை மூடினாள். "டீக்கன், இதை நீங்க வெச்சுக்கோங்க. இது சபைக் காரு. யாரு வாசல்ல நிக்கணுமோ அங்க போகட்டும். அடுத்த பாஸ்டரு வந்தா அவரு கையில குடுங்க."

"அடுத்த பாஸ்டரா?" என்றார் ஹார்வெல்.

"என் தம்பி களைச்சுப்போயிட்டான். கேக்க அவனுக்குத் தைரியம் இல்ல. நான் கேக்கறேன். அவனை விட்டுருங்க."

சபையின் முன்னால் நின்று, பெயரோ பட்டமோ இல்லாமல், வெறும் 'தம்பி' என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. பின்னாலிருந்து ஒரு பெண், "பெட்வே வீட்டுக் கொழுப்பைப் பாத்தியா" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. விழத்தான் செய்யும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். எஸ்ரா படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பாஸ்டர் வாசற்படியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டு அவன் உட்கார்ந்ததைப் பார்த்தபின் அந்தப் பெண்ணும் வாயை மூடிக்கொண்டாள்.

ஹார்வெல் தன் கையிலிருந்த சாவியை, கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தவர் போலப் பார்த்தார்.

"இப்ப இதை என்ன பண்றது?"

லவோனியா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "என்ன பண்றதா? ஒரு சுத்து வர வேண்டாமா? மொதல்ல என் வாசலுக்கு விடுங்க. பாஸ்டரையும் ஏத்துங்க. இன்னிக்கு மட்டுமாவது அவரு பாஸ்டர்தானே? நானும் மோஸ்லியும் முன்னாடி போய்க் காபி போடறோம்."

ஹார்வெல் ரிப்பனை அவிழ்த்தார். சபைத் தாய்மார்கள் தங்கள் இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். எஸ்ராவைக் கைத்தாங்கலாகப் பின்னிருக்கையில் ஏற்றி, மறுபக்கம் ஆர்டெல்லா ஏறினாள். ஊதாத் தொப்பி கூரையில் இடித்ததால் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இதற்கு முன் அக்காவும் தம்பியும் பின்னிருக்கையில் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. எப்போதும் அவன்தான் ஓட்டுவான்.

"அக்கா, யாரு தைச்சது இது?" என்றான் எஸ்ரா, இருக்கையைத் தடவியபடி.

"நான். இல்லைன்னா லவோனியா."

"நல்லா இருக்கு."

ஹார்வெல் பால் குடம் தூக்கிப் போகிறவர் போல ஓட்டினார். முதல் திருப்பம் வருவதற்குள் எஸ்ராவின் தலை சாய்ந்தது. இரண்டாவது திருப்பத்தில் வாய் லேசாகத் திறந்துகொண்டது. ஹாரன் அடிக்கக் கை ஓங்கிய ஹார்வெலின் தோளை ஆர்டெல்லா பின்னாலிருந்து தொட்டாள். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

லவோனியாவின் வீட்டு முன்னால் கார் நின்றது. இரண்டு வீட்டு அகலத்தை அடைத்துக்கொண்டு, கருஞ்சிவப்பாய், சத்தமில்லாமல் நின்றது. தெருவில் திரைகள் விலகின. மோஸ்லி கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்து, பின்கதவின் கைப்பிடியைப் பிடித்தான். உள்ளே பார்த்தான். திறக்காமல் விட்டுவிட்டு, வேலைக்கு நிற்பவனைப் போலக் கதவருகிலேயே நின்றுகொண்டான்.

லவோனியா ஜன்னல் கண்ணாடியை விரலால் தட்டினாள். ஆர்டெல்லா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள்.

"காபி ரெடி. தூங்கறாரா?"

"தூங்கறான். எழுப்பட்டுமா?"

"எழுப்பிடாத." லவோனியா எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "வண்டி நிக்கட்டும். தாபோர்ல இன்னும் ஆராதனை முடியல. அவ வந்து பாக்க நேரமாகும்."

ஆர்டெல்லா கண்ணாடியை ஏற்றினாள். கால் வலித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, கனமான கால்களைக் கார்க் கம்பளத்தின்மேல் நீட்டி வைத்தாள். தம்பியின் தலை வழுக்கி அவள் தோளுக்கு வந்தது. முன்னிருக்கையில் ஹார்வெல் சாவியைக் கழற்றி, சத்தம் வராமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.